ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே, தங்கச்சி!

படிப்பை முடித்த கெங்கவல்லிச் செவிலியருக்கு முதல் வேலை எங்கே கிடைக்கிறது, எப்படிக் கிடைக்கிறது, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார்?

"ஐந்நூறு மில்லி சலைன். எட்டு மணி நேரத்துல ஏறி முடியணும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

ஆத்தூரிலோ சேலத்திலோ தனியார் மருத்துவமனை நேர்காணலுக்குப் போகும் புது நர்ஸிடம் கேட்கப்படும் வழக்கமான கேள்வி இது. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 21 சொட்டு. அடுத்து, டிரிப் ஏற்ற நரம்பில் குத்தும் வென்ஃப்ளானின் நிறம்: பச்சை என்றால் 18 கேஜ், ரோஸ் என்றால் 20, நீலம் 22, மஞ்சள் 24. ரத்தம் ஏற்ற எது, கைக்குழந்தைக்கு எது? பிறகு சி.பி.ஆர்.: 30 முறை அழுத்தினால் 2 முறை மூச்சு. ஒழுங்காகப் படித்த பெண் இதற்கெல்லாம் தடுமாற மாட்டாள். மூன்றாண்டோ நான்காண்டோ வார்டிலேயே நின்று பழகியவள்.

கடைசியாக ஒன்று வரும். "ஒரிஜினல் எல்லாம் கொண்டு வந்திருக்கியாம்மா? ஆபீஸ்ல கொடுத்துட்டு நாளைக்கே ஜாயின் பண்ணிக்க."

அவள் தடுமாறுவது இங்கேதான். பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. வீட்டில் கடன் இருக்கிறது. வேலை கிடைத்த மகிழ்ச்சி ஒரு பக்கம், மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் மறு பக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிப்ளமோ வரை அத்தனையும் ஒரு கவருக்குள் போய், யாருடைய பீரோவிலோ பூட்டப்படுகிறது. அந்த நிமிடத்திலிருந்து வேலையை விட்டுப் போகும் உரிமை அவள் கையில் இல்லை.

புதிதாகத் தகுதி பெற்ற செவிலியருக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேலை இருக்கிறது. முறையான முதல் வேலைதான் அரிதாக இருக்கிறது. அந்த முதல் வேலை எப்படி அமைகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த இருபது வருடமும் அமைகிறது. ஆகவே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

மரவள்ளிக் காட்டிலிருந்து வார்டுக்கு

சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி, சுவேத நதிப் பக்கம் இருக்கிறது கெங்கவல்லி. மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, பாக்கு என்று மழையையும் கிணற்றையும் நம்பிய பூமி. ஒருபுறம் தம்மம்பட்டி, ஒருபுறம் வீரகனூர், எதற்கும் பஸ் ஏற வேண்டிய பெரிய ஊர் ஆத்தூர். 2011 தேர்தலிலிருந்து கெங்கவல்லி என்ற பெயரிலேயே தனித்தொகுதியும் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் நர்சிங் படிக்க வைக்கலாம் என்று குடும்பம் முடிவெடுப்பதற்குக் காரணம் உண்டு. 'படிச்சு முடிச்சா உடனே வேலை' என்ற நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பெண் சென்னையில் இருக்கிறாள், அத்தை மகள் துபாய் போய்விட்டாள் என்ற கண்கண்ட சாட்சி. சேலத்திலும் பெரம்பலூரிலும் நாமக்கல்லிலும் கல்லூரிகள் நிறைந்திருப்பதால் தூரமும் பெரிதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மீதிக்கு நகைக்கடன், கல்விக்கடன், நிலத்தின் மேல் வாங்கிய கைமாற்று.

அந்த நம்பிக்கை தவறானதல்ல. உலகத்தில் செவிலியர் தேவை அப்படி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகெங்கும் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். மத்திய அரசு 2023 பட்ஜெட்டில், 2014க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று அறிவித்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி போன்றவை வந்தபிறகு இந்தப் பகுதியிலேயே படுக்கைகளும் பெருகியிருக்கின்றன.

இவ்வளவு தேவை இருந்தும் புதியவருக்குக் கிடைப்பது அடிமாட்டு விலை என்றால், கோளாறு தேவையில் இல்லை. ஆள் எடுக்கும் முறையில் இருக்கிறது.

முதல் வாசல்: கவுன்சில்

தேர்வு முடிவு வந்த அன்றே ஒருவர் சட்டப்படி செவிலியராகிவிடுவதில்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் பழைய அமைப்பு இது. பதிவு முடிந்தால்தான் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். வரும். அத்துடன் தேசிய அளவிலான தனி அடையாள எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 1947 முதல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் கீழ் நடந்துவந்த ஏற்பாட்டை மாற்ற, 2023இல் தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. பெயர்கள் மாறினாலும் பதிவேடு என்ற அடிப்படை மாறப்போவதில்லை.

பதிவைத் தள்ளிப்போடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. 'வேலை கிடைச்சதும் பாத்துக்கலாம்' என்று ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடும். அந்த மாதங்களில் நைட் டூட்டி பார்த்து எத்தனை உயிரைக் காப்பாற்றியிருந்தாலும், பிற்காலத்தில் அனுபவம் கணக்கிடுபவர்கள் பதிவுத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மனம் கனக்கும் கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டி, ஒரே வருடத்தில் 'நர்சிங் டிப்ளமோ' கொடுக்கிறோம் என்று சொல்லும் இடங்களில் சேர்ந்த பிள்ளைகள். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் மூன்றுதான் சாதாரணமாக ஊர்ப்பக்கம் தெரிந்தவை: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ, சட்டப்படி பட்டம் தரும் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரோ இருக்க வேண்டும். ஒரு வருடச் சான்றிதழோடு எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியாது. அந்தப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு வார்டில் நிற்கிறார்கள். ஊசி போடச் சொன்னால் போடுகிறார்கள். ஏதேனும் ஆகிவிட்டால் வழக்கு அவர்கள் தலையில். படிப்பில் சேர்க்கும் முன்பே, 'படிச்சு முடிச்சா கவுன்சில்ல பதிவாகுமா?' என்று கேட்டுவிட்டால் ஒரு குடும்பமே பிழைக்கும்.

நர்சிங் ஹோம் என்ற பள்ளிக்கூடம்

கெங்கவல்லிப் பெண்ணின் முதல் வேலை பெரும்பாலும் ஆத்தூர், சேலம் பக்கத்துத் தனியார் நர்சிங் ஹோமில்தான் தொடங்கும். வீட்டிலிருந்து போய்வரலாம், அல்லது மருத்துவமனையே மேல்மாடியில் தங்க இடம் கொடுக்கும். சிறிய மருத்துவமனையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காலையில் பிரசவம், மதியம் விபத்து, இரவில் பாம்புக்கடி என்று எல்லாமே ஒரே மாடியில் நடக்கும். பெரிய மருத்துவமனையில் மூன்று வருடத்தில் பார்ப்பதை இங்கே ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம் என்று மூத்த சிஸ்டர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால்தான் அது பள்ளிக்கூடம். சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு புதியவரைத் தனியாக இரவில் நிறுத்தினால் அதற்கு வேறு பெயர். எட்டு மணிக்கு ஹேண்ட்ஓவர். ஒரு தளம் முழுக்க நோயாளிகள். ஒருவருக்கு ஆன்டிபயாடிக் நேரம், ஒருவருக்கு சர்க்கரை பார்க்க வேண்டும், ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு மணிக்கொரு முறை பி.பி. குறிக்க வேண்டும், மூலையில் ஒரு பாட்டிக்கு டிரிப் நின்றுபோய்க் கை வீங்குகிறது. டாக்டர் ஃபோனில் இருக்கிறார். உறவினர்கள் பதினோரு மணிக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். காலை எட்டு வரை உட்கார நேரமில்லை. எட்டரைக்கு ரிப்போர்ட் எழுதி முடித்துப் பஸ் ஏறும்போது, கொடுத்த மருந்து சரியாகத்தான் கொடுத்தோமா என்ற பதைப்பு கூடவே வரும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் என்ன சொல்கிறது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர். விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதலாக. இந்தக் கணக்கை நம் ஊர் இரவு ஷிஃப்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு புதிய செவிலியரின் கைநடுக்கத்துக்கு அவர் படிப்பைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம் என்று புரியும்.

சம்பளத்துக்கு வருவோம். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. அதன்படி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, தனியார் மருத்துவமனைகளைப் படுக்கை எண்ணிக்கையால் பிரித்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே இருக்கும் சின்ன மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையவே கூடாது.

மலையைத் தாண்டியிருக்கும் கேரளத்தில் இது காகிதத்தோடு நிற்கவில்லை. 2011இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் 2017இல் வீதியில் இறங்கிப் போராடியது. 2018 ஏப்ரலில், அந்த மாநில அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு 20,000 ரூபாயை ஆரம்பச் சம்பளமாக வைத்துக் குறைந்தபட்ச ஊதிய ஆணை பிறப்பித்தது. சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. செவிலியர்கள் சேர்ந்து கேட்டு வாங்கினார்கள். நம் பக்கத்து நர்சிங் ஹோம்களில் அந்தக் குரல் இன்னும் ஒன்று சேரவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருகிறாள்.

பாண்ட் வேறு, ஒரிஜினல் வேறு

'ரெண்டு வருஷம் பாண்ட்' என்ற பேச்சு வராத நேர்காணல் குறைவு. இதில் தெளிவாக இருக்க வேண்டும். 'பாண்ட் எதுவும் கோர்ட்ல செல்லாது, கையெழுத்து போட்டுட்டு ஓடிடு' என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. வங்கி அதிகாரியும் புது நர்ஸும் ஒன்றல்ல. தொகை நியாயமானதா, முதலாளிக்கு உண்மையில் எவ்வளவு இழப்பு என்ற கேள்விகள் ஒவ்வொரு வழக்கிலும் எழும். ஆனாலும், கையெழுத்து என்பது விளையாட்டல்ல. எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, அவர்களே வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் படித்து, ஒரு நகல் வாங்கிக்கொண்ட பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

ஒரிஜினல் சான்றிதழ் முற்றிலும் வேறு விஷயம். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல என்றும், பாக்கி இருக்கிறது என்பதற்காக அதை அடமானம் போலப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு இடம் தராது என்றும், கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018 அறிவிப்பில், சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. படிக்க வைத்த கல்லூரிக்கே இல்லாத உரிமை, சம்பளம் கொடுக்கும் மருத்துவமனைக்கு எங்கிருந்து வந்தது?

நர்சிங் பெண்ணுக்கு இதில் நஷ்டம் இரட்டிப்பு. அரசு வேலைக்கு அறிவிப்பு வந்தால் சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸுக்கு ஒரிஜினலை ஸ்கேன் செய்ய வேண்டும். உயர்படிப்புக்கும் வேண்டும். பீரோவில் பூட்டியிருக்கும் ஒரு கவருக்காக ஒரு வாய்ப்பு கைநழுவினால், அது திரும்பி வர வருடங்கள் ஆகும்.

அதனால் நேர்காணலில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஒரிஜினல் கொண்டு வந்திருக்கேன் மேடம். பார்த்துக்கங்க. கையெழுத்து போட்ட ஜெராக்ஸ் ஒரு செட் ஃபைலுக்குக் கொடுக்கிறேன்." பணிவாக, குரல் நடுங்காமல். நல்ல மருத்துவமனை இதை ஏற்றுக்கொள்ளும். ஏற்காத இடத்தில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதை அந்த மறுப்பே சொல்லிவிடுகிறது.

சேர்வதற்கு முன் ஆறு கேள்விகள்

1. பணி நியமனக் கடிதம் எழுத்தில் தருவீர்களா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் வேண்டும் என்கின்றன.

2. கடிதத்தில் பதவி 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இருக்குமா? 'டிரெயினி', 'உதவியாளர்' என்று போட்டால் அனுபவக் கணக்கில் இடிக்கும்.

3. மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை? அனுபவச் சான்றிதழில் அந்த எண் வருமா?

4. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்.; 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ., மாதச் சம்பளம் 21,000 வரை.

5. முதல் எத்தனை வாரம் மூத்த சிஸ்டரோடு சேர்த்து டூட்டி போடுவீர்கள்? தனியாக நைட் எப்போது?

6. பெண்களுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

அரசு வேலை: நீண்ட வரிசை, நிலையில்லாத நாற்காலி

ஊரில் யாரைக் கேட்டாலும் 'கவர்மென்ட்ல போட்டா போதும்' என்பார்கள். அந்த ஆசைக்கு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைத்திருப்பவர்கள் அங்கே சுழற்சி முறையில் பணியாற்றும் ஸ்டாஃப் நர்ஸ்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன என்று பெருமைப்படுகிறோமே, அந்தப் பெருமையில் பெரும்பங்கு இரவு இரண்டு மணிக்குப் பிரசவ அறையில் நின்ற அந்தப் பெண்களுடையது.

அவர்களை அரசு எப்படி எடுத்தது? 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உருவானது. எம்.ஆர்.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூன் மாதம் 7,243 செவிலியர் பணியிடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். தேர்வானவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு ஆண்டு முடிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது. பகுதி பகுதியாகச் சிலர் நிரந்தரமானார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

கொரோனா வந்தபோது அரசு மறுபடி ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தது. தொற்று வார்டில், கவச உடைக்குள் வியர்த்து ஊறிக்கொண்டு வேலை பார்த்த அந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடைய பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது என்று சொல்லப்பட்டது. மறுநாள் புத்தாண்டு. அந்த ஜனவரித் தொடக்கத்தில் சேலத்திலேயே அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 18,000 ரூபாய்க்கு மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது. அதுவரை அவர்கள் வாங்கியது 14,000. தொகை கூடுதல்தான். அவர்கள் கேட்டது நிரந்தரம். ஒரு பெருந்தொற்றில் முன்னால் நிறுத்தியவர்களை, ஆபத்து விலகியதும் ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டி அனுப்பிவைப்பது எந்த அரசுக்கும் அழகல்ல.

இதைச் சொல்வது புதியவர்களை அரசு வாசலிலிருந்து விரட்டுவதற்கு அல்ல. எம்.ஆர்.பி. தேர்வு வந்தால் கட்டாயம் எழுத வேண்டும். தனியார் கல்லூரியில் படித்தவர்களும் மதிப்பெண்ணால் உள்ளே போக வழி திறந்த தேர்வு அது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவ்வப்போது வெளியிடும் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2021இல் துணை சுகாதார நிலையங்களுக்காக 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை பெற்றவர்கள் பலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீடு தேடிப் போகும் செவிலியத்துக்கு இடம் கொடுத்தது. 108 ஆம்புலன்ஸ் இன்னொரு வாசல். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டியில் மருத்துவ உதவியாளராக ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங், ஏ.என்.எம். முடித்தவர்களை மாவட்ட முகாம்களில் எடுத்து, பயிற்சி கொடுத்து அமர்த்துகிறார்கள். அவசர சிகிச்சை கற்க அதைவிடச் சிறந்த பள்ளி குறைவு.

ஒப்பந்த வேலையில் சேரும்போது ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். அதை நம்பி மற்ற தேர்வுகளை விட்டுவிடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தரையில் இருக்க வேண்டும்.

எய்ம்ஸ் முதல் ஜெர்மனி வரை

முதல் வேலையின் அருமை இரண்டாம் வேலையைத் தேடும்போதுதான் தெரியும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நர்சிங் ஆபீசர் பொதுத் தேர்வு, நார்செட் என்பார்கள், 2020 முதல் நடக்கிறது. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும் வேலை. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் பதிவு இருந்தால் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

அந்த 50 என்ற எண்ணைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்று 15 படுக்கை நர்சிங் ஹோமில் ஐந்து வருடம் உழைத்த ஜி.என்.எம். பெண்ணுக்கு, சேலத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டே வருடம் இருந்தவளுக்குக் கிடைக்கும் தகுதி கிடைக்காமல் போகலாம். முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆயிரம் ரூபாய் அதிகமா, பஸ் செலவு குறைவா என்று மட்டும் பார்க்கும் பெற்றோர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

வளைகுடா நாடுகளின் லைசென்ஸுக்கும் பெரும்பாலும் அனுபவம் வேண்டும். அங்கே ஒருவர் கொடுத்த அனுபவச் சான்றிதழை, தனி நிறுவனம் ஒன்று மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்க்கும். 'காசு கொடுத்தா சர்டிஃபிகேட் வாங்கித் தரேன்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. பொய் என்று தெரிந்தால் அந்த நாட்டின் கதவு நிரந்தரமாகவே மூடிவிடலாம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு, ஆங்கிலத் தகுதிக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., ஜெர்மனிக்கு அந்த நாட்டு மொழியில் பி1, பி2 நிலை. ஆதிதிராவிடர், பழங்குடியினச் செவிலியர்களுக்குத் தமிழக அரசு நிறுவனமான தாட்கோ இந்த மொழிப் பயிற்சியைக் கட்டணமில்லாமல் தரும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. கெங்கவல்லி, பச்சைமலைப் பெண்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏஜென்ட் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 2015இல் குவைத்துக்குச் செவிலியர் அனுப்பிய கொச்சி நிறுவனம் ஒன்றின் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒருவரிடம் 19 லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள் என்பது புகார். அதே ஆண்டுதான் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியே அனுப்பும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தனியார் முகவர் என்றாலும் பதிவு எண் இருக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும் மட்டும். லட்சங்களில் பேசுபவர் எவராயினும் எழுந்து வந்துவிடலாம்.

2014 ஜூலையில் இராக்கின் திக்ரித்திலிருந்து 46 செவிலியர்கள் மீண்டு வந்ததை நாடே பார்த்தது. அவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பெண். போர் நடக்கும் ஊரிலும் வேலையை விட்டு வரத் தயங்கியதற்குக் காரணம், வீட்டில் இருந்த படிப்புக் கடனும் அங்கே நிலுவையில் இருந்த சம்பளமும். முதல் வேலையைக் கடன் தேர்ந்தெடுத்தால் அது எந்த ஊருக்கு இழுத்துப் போகும் என்று சொல்ல முடியாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிகள் இறுதியாண்டில் ஒரு வாரம் ஒதுக்கலாம். கவுன்சில் பதிவுக்கு எல்லோரையும் ஒன்றாக விண்ணப்பிக்க வைக்கலாம். நியமனக் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும், பி.எஃப். எண்ணை எப்படிச் சரிபார்ப்பது, பாண்ட் வாசகத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். விளக்கேற்றும் விழாவுக்குச் செலவிடும் அக்கறையில் பாதி இதற்குப் போதும். எந்த மருத்துவமனை ஒரிஜினலைப் பிடித்து வைக்கிறது என்று சீனியர் மாணவிகளுக்குத் தெரியும். அந்த அனுபவம் ஜூனியர்களுக்கு வந்து சேர ஓர் ஏற்பாடு வேண்டும்.

மருத்துவமனைகள் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்று கேட்கும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். அனுபவம் உள்ள ஒவ்வொரு செவிலியரும் யாரோ ஒருவர் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த ஃப்ரெஷராகத்தான் இருந்தார். மூன்று மாதம் மூத்தவரோடு சேர்த்து டூட்டி போட்டால், புதிதாக வந்தவள் இரண்டு வருடம் தானாகவே இருப்பாள். ஓடிப்போகாமல் தடுக்கச் சான்றிதழைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. இருக்கத் தோன்றும் இடமாக வார்டை வைத்திருந்தால் போதும்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நிபுணர் குழு சொன்ன சம்பளத்தைத் தனியார் மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். அதைத் தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும். இரண்டு, தானே முன்மாதிரியாக இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தால் எந்தத் தேதியில் நிரந்தரம் என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும். அரசே தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் வைத்திருந்தால், பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம் முதலாளியை எந்த முகத்தோடு கேட்பது?

பெற்றோர்கள் கடன் அடைக்கும் அவசரத்தில் இருப்பது புரிகிறது. இருந்தாலும் மகளை அழைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகும்போது, "என்ன கொடுத்தாலும் சரிங்க, சேத்துக்கங்க" என்று கைகூப்ப வேண்டாம். மூன்று வருடம் படித்து, பிணம் கழுவி, ரத்தம் துடைத்து, பிரசவம் பார்த்துத் தகுதி பெற்றவள் அவள். கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நர்சிங் முடித்த பெண்ணைப் பார்த்தால் 'வேலை கெடச்சுதா, எவ்வளவு சம்பளம்?' என்று கேட்பது நம் வழக்கம். இனி அதோடு ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: "ஆர்டர் கைல கொடுத்தாங்களா கண்ணு? உன் சர்டிஃபிகேட் உன்கிட்டதானே இருக்கு?" அந்தக் கேள்வியை ஊரே கேட்கத் தொடங்கினால், மருத்துவமனை மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு "கொடுக்க மாட்டேன் மேடம்" என்று சொல்லத் தைரியம் வரும்.